கனிவின் கூலி

தாயும் சேயும் என்று சொன்னதும் ஓவிய உலகில் இரண்டு பெண்களின் பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒருவர் பாரிசில் வாழ்ந்த பெர்த் மொரிசோ (1841–1895). மற்றவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்த மேரி கசாட் (1844–1926). இருவரும் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள், அதாவது தமிழில் நாம் மனப்பதிவு ஓவியர்கள் என்று சொல்லும் குழுவைச் சேர்ந்தவர்கள். மோனே, தெகா, ரெனுவார் ஆகியோரோடு தோளொட்டி நின்று தங்கள் படங்களைக் காட்சிக்கு வைத்தவர்கள். ஆனால் அந்த ஆண்களைப் பற்றிப் பேசும்போது ஒளி, வண்ணம், புரட்சி என்று பேசுகிறவர்கள், இந்தப் பெண்களிடம் வந்ததும் மென்மை, கனிவு, தாய்மை என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்தக் குரல் மாற்றம்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

கனிவு என்ற சொல்லின்மீது எனக்குப் பகையில்லை. இந்த ஓவியங்களில் கனிவு இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் அதைச் செய்கிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், வாழ்த்து அட்டைகளில் அச்சாகும் இதே படங்கள் வேறொன்றைச் சொல்லத் தொடங்குகின்றன.

மொரிசோவின் 'தொட்டில்' 1872இல் வரையப்பட்டது. இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லிய வெண்திரை மூடிய தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. அருகில் இருண்ட நிற உடையில் தாய். இடக்கையை மடித்துக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள். வலக்கை தொட்டில் விளிம்பில், திரையைப் பிடித்தபடி இருக்கிறது. குழந்தையின் கையும் தாயின் கையைப் போலவே மடிந்திருக்கிறது. பார்த்ததும் மனம் இளகிவிடும் படம். முதுகலை வகுப்பில் ஒருமுறை இதைத் திரையில் காட்டி, இந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். பெரும்பாலோர் பாசம் என்றார்கள். திருமணமாகிக் கைக்குழந்தையோடு படிக்க வந்துகொண்டிருந்த ஒரு மாணவி மட்டும், இவள் இரவு தூங்கவில்லை என்றாள். அதன்பிறகு வகுப்பில் யாராலும் அந்த முகத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

அந்தத் தாய் பெர்த்தின் அக்கா எட்மா. குழந்தை, எட்மாவின் மகள் பிளான்ஷ். எட்மாவும் ஓவியர். அக்காவும் தங்கையும் ஒன்றாகவே ஓவியம் கற்றார்கள், கொரோவிடம் பயின்றார்கள். 1864ஆம் ஆண்டின் சலோன் என்ற அரசுக் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. இவர்களுடைய தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவரான ழோசெஃப் கிஷார், இந்தப் பெண்கள் பொழுதுபோக்குக்காக வரைகிறவர்களாக நிற்கமாட்டார்கள், உண்மையான ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது பெரும் விபரீதம் என்று அவர்களுடைய தாயை எச்சரித்ததாகச் சொல்வார்கள். 1869இல் எட்மாவுக்குக் கடற்படை அதிகாரி ஒருவருடன் திருமணம் நடந்தது. அத்துடன் எட்மாவின் ஓவிய வாழ்க்கை நின்றுபோனது. மணமான புதிதில் தங்கைக்கு எழுதிய கடிதங்களில், தன் மனம் இன்னும் அந்த ஓவியக்கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதை எட்மா மறைக்கவில்லை.

1865 வாக்கில் எட்மா தன் தங்கையை ஒரு படமாக வரைந்தார். அதில் பெர்த் கையில் தூரிகையோடு, வேலையில் ஆழ்ந்து நிற்கிறார். ஓர் ஓவியரை இன்னொரு ஓவியர் பார்த்த பார்வை அது. ஏழு ஆண்டுகள் கழித்துத் தங்கை அக்காவை வரைகிறார். இப்போது அக்காவின் கையில் தூரிகை இல்லை, தொட்டில் திரையின் விளிம்பு இருக்கிறது. வரைவதை நிறுத்திக்கொண்ட பெண்ணை, நிறுத்தாத பெண் வரைந்த படம் 'தொட்டில்'. அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தங்கை அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது தங்கைக்கு வயது முப்பத்தொன்று, திருமணமாகவில்லை. தனக்கு முன்னால் இருக்கும் ஒரு வழியை அவர் கூர்ந்து பார்க்கிறார் என்றே நான் இந்தப் படத்தை வாசிக்கிறேன். அதில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டது. யாரும் வாங்கவில்லை. பல பத்தாண்டுகள் எட்மாவின் குடும்பத்திலேயே இருந்து, 1930இல்தான் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

பெண் ஓவியர்கள் ஏன் வீட்டையும் குழந்தையையும் வரைந்தார்கள் என்ற கேள்விக்கு, அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்பது ஒரு பதில். அது உண்மைதான். பாரிசின் எக்கோல் தே போசார் என்ற அரசு நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காபிக் கடைகள், மதுக்கூடங்கள், நாடக மேடையின் பின்கட்டு, விலைமாதர் விடுதி ஆகியவையே அன்றைய நவீன ஓவியத்தின் களங்கள். மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண் துணையின்றி அங்கெல்லாம் போய் உட்கார முடியாது. கிரிசெல்டா போலக் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நவீன ஓவியம் என்று நாம் கொண்டாடுவதே ஆண் நடமாடிய நகரத்தின் வரைபடம்தான் என்பதை அவர் காட்டினார். பெண்களின் வெளிகள் வேறாக இருந்தன: உணவறை, படுக்கையறை, முற்றம், தோட்டம்.

ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால், கிடைத்ததை வைத்து வரைந்தவர்கள் என்ற இரக்கத்தில்தான் இவர்களை விட்டுவைப்போம். மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சோர்வு நவீன வாழ்வின் சாட்சியம் என்றால், தொட்டிலருகே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சோர்வு மட்டும் ஏன் தாய்மையின் இனிமையாகிறது? நகரத்தின் நவீன வாழ்க்கை வீட்டுக்குள்ளும் நடந்தது. அதை உள்ளே இருந்து பார்த்தவர்கள் இவர்கள்.

மேரி கசாட் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார். 1877இல் தெகாவின் அழைப்பை ஏற்று இந்தக் குழுவில் சேர்ந்தவர் அவர். அதே ஆண்டு பெற்றோரும் அக்கா லிடியாவும் பாரிசுக்கு வந்து அவரோடு தங்கினார்கள். ஓவியக்கூடத்தின் செலவை ஓவியம் விற்ற பணத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தந்தையின் நிபந்தனை. கசாட் விற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை. அக்கா லிடியாவின் நோய்க்காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்டார். 1882இல் லிடியா இறந்தார்.

பிள்ளை பெறாத பெண் ஏன் பிள்ளைகளையே வரைந்தார் என்று கேட்டு, அது ஏக்கம் என்று பதிலும் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெகாவும் மணம் செய்துகொள்ளவில்லை. அவர் நூற்றுக்கணக்கில் நடனப் பெண்களை வரைந்தார். நடனமாட முடியாத ஏக்கத்தில் வரைந்தார் என்று யாரும் எழுதியதில்லை. ஆண் எதை வரைந்தாலும் அது அவனுடைய தேர்வு, பெண் எதை வரைந்தாலும் அது அவளுடைய குறை. நம் ஊரில் பெண் கவிஞர்களின் கவிதையை அவர்களின் வாழ்க்கை வரலாறாக வாசிக்கும் பழக்கமும் இதே வேரில் முளைத்ததுதான். காதல் கவிதை எழுதினால் யாரை நினைத்து என்று கேட்பார்கள்.

கசாட் 1893இல் வரைந்த 'குழந்தையின் குளியல்' இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. கோடு போட்ட நீண்ட அங்கி அணிந்த ஒரு பெண் தாழ்வாக உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக் கால் கழுவுகிறாள். நாம் மேலிருந்து அதைப் பார்க்கிறோம். அருகில் நீர்க்குடுவை. ஒரு கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி வளைத்திருக்கிறது, இன்னொரு கை நீருக்குள் பாதத்தைப் பிடித்திருக்கிறது. குழந்தை தன் கையை அவள் முழங்கால்மீது ஊன்றியிருக்கிறது. இருவர் கண்களும் நீரில் இருக்கின்றன. 1890இல் பாரிசில் நடந்த ஜப்பானிய மர அச்சுப் படங்களின் பெரிய கண்காட்சியில் உதமாரோ போன்றோரின் படங்களைப் பார்த்துவிட்டு, கசாட் பத்து வண்ண அச்சுப் படங்களின் வரிசை ஒன்றைச் செய்தார். தட்டையான வண்ணம், அழுத்தமான கோடு, மேலிருந்து பார்க்கும் கோணம் ஆகிய மூன்றும் அந்தப் பயிற்சியிலிருந்து இந்தக் குளியல் படத்துக்கு வந்தவை.

இந்தப் படத்தின் கனிவு முகத்தில் இல்லை, கைகளில் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டியவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். வழுக்கும் உடம்பை ஒரு கையால் தாங்கி, மறு கையால் தேய்க்க வேண்டும். தாங்கும் கை தளரவும் கூடாது, இறுகவும் கூடாது. இது பிறப்பிலேயே வருவதில்லை. பழகிப் பழகி வருவது. கசாட் வரைந்தது அந்தத் தேர்ச்சியை. தச்சனின் கையை, கொல்லனின் கையை ஓவியர்கள் வரைந்தபோது உழைப்பின் மாண்பு என்றார்கள். குளிப்பாட்டும் கையை வரைந்தபோது உணர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள்.

ரெனுவார் 1885இல் வரைந்த பாலூட்டும் தாயை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். அதில் இருப்பவர் அவருடைய துணைவி அலின், கையில் மகன் பியேர். வைக்கோல் தொப்பி, மலர்ந்த முகம், திறந்த மார்பு. பால் கொடுத்துக்கொண்டே அந்தப் பெண் நம்மைப் பார்க்கிறாள். படத்துக்கு வெளியே நிற்கும் ஒருவனுக்காக அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கசாட்டின் குளியல் படத்துப் பெண்ணுக்கு நாம் அங்கே நிற்பதே தெரியாது. அவளுக்கு வேலை இருக்கிறது. 1897இல் வரைந்த 'படுக்கையில் காலையுணவு' படத்தில் ஒரு பெண் தலையணையிலிருந்து தலையை எடுக்காமலேயே குழந்தையை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்திருக்கிறாள். குழந்தை முழுதாக விழித்து எங்கோ பார்க்கிறது. அவள் இன்னும் விழிக்கவில்லை. கை மட்டும் விழித்திருக்கிறது.

கசாட்டின் படங்களில் உள்ள பெண்கள் எல்லோரும் தாய்மார் அல்லர். வடக்கு பிரான்சில் தன் வீடு இருந்த கிராமத்துப் பெண்களையும் பணிப்பெண்களையும் கூலி கொடுத்து அமர்த்தி அவர் வரைந்தார். மடியில் இருக்கும் குழந்தை பல படங்களில் அந்தப் பெண்ணின் குழந்தையே இல்லை. 2024இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் கசாட்டின் படங்களை உழைப்பு என்ற கோணத்திலிருந்து ஒரு கண்காட்சியாக வைத்தபோது இந்த வேறுபாடு பேசப்பட்டது. தெகாவுக்கு இது அன்றே தெரிந்திருந்தது. கசாட்டின் 'முட்டைவடிவக் கண்ணாடி' என்ற படத்தைப் பார்த்து, குழந்தை ஏசுவும் அவருடைய ஆங்கிலேய ஆயாவும் என்று அவர் கேலி செய்ததாகச் சொல்வதுண்டு. கேலிதான். ஆனால் ஆயா என்ற சொல்லை அவர் பயன்படுத்திவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் மரியன்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயாவை நேராகப் பார்த்து வரைந்தவர் மொரிசோ. 1874 டிசம்பரில் அவர் எஜேன் மனேயை மணந்தார். 1878 நவம்பரில் மகள் ழூலி பிறந்தாள். மறுஆண்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் மொரிசோ இல்லை. மொத்தம் நடந்த எட்டுக் கண்காட்சிகளில் அவர் கலந்துகொள்ளாதது அந்த ஒன்றில் மட்டும்தான். அதே 1879இல் அவர் வரைந்த ஒரு படத்தில், தோட்டத்தில் வெள்ளுடை அணிந்த ஒரு பெண் ழூலிக்குப் பால் கொடுக்கிறாள். அவள் பெயர் அஞ்ஜேல். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பால்தாய். பச்சையும் வெள்ளையுமாகத் தூரிகை வீச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடி, அந்தப் பெண்ணின் உருவம் தோட்டத்தோடு கரைகிறது. கண்ணும் மூக்கும்கூடத் தெளிவாக இல்லை.

லிண்டா நோக்லின் இந்தப் படத்தைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். கலை வரலாற்றில் இப்படியொரு காட்சி மிக அரிது என்பது அவர் வாதம். இரண்டு பெண்கள் எதிரெதிரே இருக்கிறார்கள், இருவரும் வேலை செய்கிறார்கள். ஒருத்தி பாலை விற்கிறாள், மற்றவள் படத்தை வரைந்து விற்கிறாள். நடுவில் ஒரு குழந்தை. பெற்றவள் வரைகிறாள், பெறாதவள் பாலூட்டுகிறாள். தாயும் சேயும் என்று நாம் பழகிய படத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, உள்ளே கூலி உறவு இருக்கிறது.

நோக்லினின் வாசிப்பிலிருந்து நான் இன்னும் ஓரடி போக விரும்புகிறேன். பால் சுரக்க வேண்டுமானால் அஞ்ஜேல் அண்மையில் ஒரு குழந்தையைப் பெற்றிருக்க வேண்டும். பால்தாய் வேலைக்குப் பிரான்சின் மோர்வான் போன்ற வறிய பகுதிகளிலிருந்து பெண்கள் பாரிசுக்கு வந்தார்கள். அவர்களின் சொந்தக் குழந்தைகள் ஊரில், வேறு கைகளில் விடப்பட்டன. பல இறந்தன. 1874இல் கொண்டுவரப்பட்ட ரூசெல் சட்டம், கூலிக்கு வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அரசின் கண்காணிப்பில் வைத்தது. பால்தாயாகப் போகிறவளின் சொந்தக் குழந்தை ஏழு மாதத்தைக் கடந்திருக்க வேண்டும், இல்லையேல் வேறொரு பெண் அதற்குப் பால் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு குழந்தையின் பால் இன்னொரு குழந்தைக்குப் போகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. மொரிசோவின் படத்தில் ழூலி இருக்கிறாள். அஞ்ஜேலின் குழந்தை எங்கே?

தமிழ் படித்த எனக்கு இந்த இடத்தில் செவிலி நினைவுக்கு வருகிறாள். நம் அகமரபு தாயை ஒருத்தியாக வைக்கவில்லை. நற்றாய், செவிலி என்று இருவராக்கியது. இருவருக்கும் தனித்தனியே கூற்று உரிமை தந்தது. தலைவி உடன்போனால் பாலை வழியே அவளைத் தேடிச் செல்பவள் செவிலி. தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது. தலைவியின் தோழி, அந்தச் செவிலியின் மகள். வளர்த்தவளின் சொந்த மகளுக்குப் பாட்டுக்குள் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அவளுக்குப் பேச்சும் கிடைக்கிறது. அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தோழியும் தலைவிக்காகவே பேசுகிறாள், தலைவியின் காதலுக்கே உழைக்கிறாள். தோழிக்கு ஒரு காதல் உண்டா என்று இலக்கணம் கேட்கவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த பணிவிடை அது. ஆனாலும் செவிலிக்கு ஒரு மகள் உண்டு என்பது அங்கே தெரிகிறது. பாரிசின் அந்தத் தோட்டத்தில் அது தெரியவில்லை.

இந்தக் கேள்வியை மொரிசோவிடம் மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிய ஆண்டுகளில் என் மகளைப் பகலில் பார்த்துக்கொண்டவர், இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அக்கா. அவருடைய இரண்டு பிள்ளைகளை அவருடைய மாமியார் பார்த்துக்கொண்டார். மாமியாருக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் மூத்த பெண் பள்ளிக்குப் போகாமல் தம்பியோடு இருந்தாள். நான் எழுதிய ஒவ்வோர் இயலுக்கும் பின்னால் இந்தச் சங்கிலி இருந்தது. இந்த நூலை வாசிக்கும் பெண்களில் பலருக்கும் இப்படியொரு சங்கிலி இருக்கும். சிலர் அதன் இந்த முனையில் இருப்பார்கள். சிலர் சங்கிலியின் மறுமுனையில் இருந்த அந்த மூத்த பெண்ணாகவே வளர்ந்து, இன்று கல்லூரிக்கு வந்திருப்பார்கள். பெண் படைக்க வேண்டுமானால் அவள் குழந்தையை இன்னொரு பெண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கில், ஆண் எங்கேயும் வருவதில்லை.

மொரிசோ அந்த ஆணையும் வரைந்து பார்த்தார். 1881இல் புஜிவால் தோட்டத்தில் எஜேன் மனே மகளோடு உட்கார்ந்திருக்கும் படம் அது. தந்தை இருக்கையில் அமர்ந்திருக்கிறார், ழூலி அவர் அருகில் விளையாடுகிறாள். மனைவி வரைந்துகொண்டிருக்கும்போது கணவர் குழந்தையோடு இருக்கிறார். அந்தக் காலத்து ஓவியத்தில் தந்தையும் குழந்தையும் இப்படிச் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் படங்கள் அரிது. அன்னையர் படங்களைத் தேடித் தேடி அச்சிடும் உலகம் இந்தப் படத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

கசாட்டை அன்னையர் தினத்துக்குள் அடைத்துவைப்பதிலும் ஒரு மறதி இருக்கிறது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மகளிர் கட்டடத்துக்காக, பெர்த்தா பாமரின் அழைப்பில், 'நவீனப் பெண்' என்ற பெரிய சுவரோவியத்தை அவர் வரைந்தார். அதன் நடுப்பகுதியில் பெண்களும் சிறுமிகளும் அறிவின் கனிகளைப் பறித்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுகிறார்கள். ஏவாள் பறித்தது பாவமானது. இங்கே பெண்கள் தோட்டம் முழுக்கப் பறிக்கிறார்கள், யாரும் தண்டிக்கப்படவில்லை. படத்தில் ஆண்களே இல்லையே என்ற கேள்வி எழுந்தபோது, மற்றக் கட்டடங்களின் சுவர்களில்தான் அவர்கள் நிறைய இருக்கிறார்களே என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். கண்காட்சி முடிந்தபின் அந்தச் சுவரோவியம் காணாமல் போனது. தொலைந்தது பழம் பறிக்கும் பெண்கள், மிஞ்சியது குழந்தை சுமக்கும் பெண்கள். 1915இல் அவருடைய தோழி லூயிசின் ஹேவ்மேயர் நியூயார்க்கில் பெண்கள் வாக்குரிமைக்கு நிதி திரட்ட நடத்திய கண்காட்சியில் கசாட்டின் படங்கள் தெகாவின் படங்களோடு வைக்கப்பட்டன. தாயும் சேயும் அங்கே வாக்குரிமைக்காக நின்றார்கள். அமெரிக்காவில் அந்த உரிமை 1920இல் வந்தது. அவர் வாழ்ந்த பிரான்சில் 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மொரிசோ 1895இல் இறந்தபோது அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் எதுவும் இல்லை என்று பதிவு செய்தார்கள். கல்லறையில் எஜேன் மனேயின் விதவை என்று எழுதினார்கள். நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்தவருக்கே இந்த நிலை என்றால், அஞ்ஜேலின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள்? நம் கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களில் தாயின் தொழில் என்ற கட்டத்துக்கு நேரே மாணவர்கள் எழுதும் 'இல்லை' என்ற சொல்லை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். விடியலில் எழுந்து சமைத்து அனுப்பியவரைப் பற்றி எழுதப்பட்ட சொல் அது.

இந்தப் படங்களை வகுப்பில் காட்டப்போகும் தோழியருக்கும், கைப்பேசியில் பார்க்கப்போகும் மாணவியருக்கும் ஒன்றைச் சொல்வேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைகளைப் பாருங்கள். அந்தக் கை யாருடையது, அதற்குச் சம்பளம் உண்டா, அந்தக் கை இங்கே இருக்கும்போது அவளுடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தூரிகை பிடித்த கையையும் மறக்காதீர்கள், அது படத்துக்கு வெளியே இருக்கிறது. இவ்வளவும் கேட்ட பிறகும் 'குழந்தையின் குளியல்' அழகாகத்தான் இருக்கிறது. நீரில் அந்தப் பாதத்தைப் பிடித்திருக்கும் விரல்களை நான் இன்னும் விரும்பித்தான் பார்க்கிறேன். அந்த விரல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று இப்போது எனக்குத் தெரியும்.